குளக்கரையில் கிடந்தவரும் அனைவருக்குமான மருத்துவமும்

எருசலேமின் ஆட்டுவாசலுக்கு அருகே பெதஸ்தா என்று ஒரு குளம் இருந்ததாக யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அதைச் சுற்றி ஐந்து மண்டபங்கள் இருந்தன. அவை நிறையப் பார்வையற்றவர்களும் நடக்க இயலாதவர்களும் படுத்துக் கிடந்தார்கள். தண்ணீர் கலங்கும் வேளையில் முதலில் இறங்குகிறவருக்குச் சுகம் கிடைக்கும் என்பது அங்கிருந்தவர்களின் நம்பிக்கை. அவர்களில் ஒருவர் 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்தவர். சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா என்று இயேசு அவரிடம் கேட்டபோது, அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலக்கப்படும்போது என்னைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறதற்கு ஒருவருமில்லை, நான் போகிறதற்குள் வேறொருவன் எனக்கு முன் இறங்கிவிடுகிறான் என்றார்.

இந்தப் பதிலில் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குளம் இருக்கிறது, நிழலுக்கு மண்டபம் இருக்கிறது, இறங்குவதற்குக் கட்டணம் கேட்டவரும் யாருமில்லை. இருந்தும் அது அவருக்கு எட்டவில்லை. தூக்கிவிட ஆள் இருக்கிறவரும் ஓரளவு நடக்க முடிந்தவரும் ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்கிறார்கள்; யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவருக்கு அது கடைசியில் கிடைக்கிறது, அல்லது கிடைக்காமலே போகிறது. ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1971இல் இதையே ஒரு விதியாக எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே மிகவும் தேவைப்படுகிறதோ, அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

மருத்துவம் இருப்பது வேறு, மருத்துவம் எட்டுவது வேறு. கிறிஸ்தவ விசுவாசம் இந்த இரண்டாவதைப் பற்றி என்ன சொல்கிறது, அதை ஏன் ஓர் அழைப்பாகவே கருதுகிறது என்பதைப் புதிதாக வாசிப்பவருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டுவது என்றால் என்ன

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் குழு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கம் ஒன்று இந்தக் கேள்வியை நான்காகப் பிரித்துப் பார்க்கிறது. மருத்துவமனையும் மருந்தும் பணியாளர்களும் போதிய அளவில் இருக்கின்றனவா. தூரம், செலவு, பாகுபாடு, தகவலின்மை ஆகியவை தடுக்காதபடி அவற்றை அடைய முடிகிறதா. நோயாளியின் மானத்தையும் பண்பாட்டையும் மதிக்கும் முறையில் அவை தரப்படுகின்றனவா. தரப்படும் மருத்துவம் தரமானதா. இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற மூன்றினால் நோயாளிக்குப் பெரிய பயன் இருக்காது. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ 450 கோடிப் பேருக்கு அடிப்படை மருத்துவச் சேவைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. மருத்துவத்துக்குக் கைக்காசைச் செலவழித்து நெருக்கடிக்கு உள்ளானவர்கள் 2019இல் சுமார் 200 கோடிப் பேர்.

கைக்காசு என்றதும் மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெண் நினைவுக்கு வருகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாட்டினால் அவதிப்பட்ட அவரைப் பற்றி மாற்கு ஒரே வாக்கியத்தில் ஒரு முழு வரலாற்றையே சொல்லிவிடுகிறார்: அநேக வைத்தியர்களால் மிகவும் வருத்தப்பட்டு, தனக்கு உண்டானவைகளையெல்லாம் செலவழித்தும், சற்றாகிலும் குணமடையவில்லை. பணம் போயிற்று, வேதனையோ கூடிற்று. இதோடு, இரத்தப்போக்குள்ள பெண் தீட்டுள்ளவர் என்பது அன்றைய சமயச் சட்டம். அவர் தொட்டதும் உட்கார்ந்ததும் தீட்டு. ஆகவே நோய், வறுமை, ஒதுக்கிவைப்பு ஆகிய மூன்றும் ஒரே உடலின் மேல் ஏறி நிற்கின்றன. அதனால்தான் அவர் முன்னால் வந்து கேட்கத் துணியாமல், கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறார்.

அவர் குணமான பிறகும் இயேசு அங்கிருந்து நகரவில்லை. யார் தொட்டது என்று சுற்றிலும் பார்க்கிறார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லும்வரை நின்று கேட்கிறார். அதன் பின் அவரை மகளே என்று அழைக்கிறார். இத்தனைக்கும் இயேசு அப்போது யவீரு என்பவரின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஜெப ஆலயத் தலைவரான அவருடைய சிறு மகள் மரணப்படுக்கையில் இருந்தாள். செல்வாக்குள்ள வீட்டின் அவசரத்துக்காகப் பெயரே தெரியாத ஒரு பெண்ணின் பேச்சு பாதியில் நிறுத்தப்படவில்லை என்பது மருத்துவமனை வரிசைகளை அறிந்த எவருக்கும் சாதாரணமாகப் படாது. உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று தமிழ் வேதாகமத்தில் வரும் இடத்திலுள்ள கிரேக்க வினைச்சொல்லுக்குக் காப்பாற்றுதல், குணமாக்குதல் என்ற இரு பொருளும் உண்டு. ஆன்மாவுக்கு ஒரு மீட்பு, உடலுக்கு வேறொரு சுகம் என்று அந்தச் சொல் பிரித்துக் காட்டுவதில்லை.

விசுவாசத்தின் அடிப்படை

உடலைப் பற்றிய கிறிஸ்தவப் பார்வையிலிருந்து தொடங்குவது நல்லது. மனிதர் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டவர் என்று ஆதியாகமம் சொல்லும்போது, அரசருக்கும் அறிஞருக்கும் மட்டும் அதை ஒதுக்கவில்லை. ஆணும் பெண்ணுமாகிய எல்லாருக்கும் சொல்கிறது. வார்த்தை மாம்சமானது என்பதும், சரீரம் உயிர்த்தெழும் என்பதும் இந்த மதத்தின் மையத்தில் இருக்கும் நம்பிக்கைகள். உடலைக் கழற்றி எறிய வேண்டிய சட்டையாக நினைத்திருந்தால், மருத்துவத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட அதற்குக் காரணமே இருந்திருக்காது.

நோய் ஒருவருடைய குற்றத்துக்குக் கிடைத்த கூலி என்ற எண்ணம் எல்லாச் சமூகங்களிலும் உண்டு, கிறிஸ்தவர்களிடையேயும் உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமோ இவரைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. மருத்துவம் எட்டும்படி செய்வதில் இந்த மறுப்புக்கு நேரடியான இடம் இருக்கிறது. தொழுநோய், எச்ஐவி, மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஊர் என்ன சொல்லுமோ என்ற வெட்கத்தால் வாசலை மிதிக்காதவர்கள் ஏராளம்.

அடுத்ததாக, எல்லாரும் மேற்கோள் காட்டும் மத்தேயு 25ஆம் அதிகாரம். வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று நியாயத்தீர்ப்பின் ராஜா சொல்கிறார். இங்கே விசாரித்தல் என்ற தமிழ்ச் சொல்லில் சற்று நிற்கலாம். இன்று அது காவல் நிலையத்தை நினைவுபடுத்தும் சொல்லாகிவிட்டது. ஆனாலும் நலம் விசாரிப்பது என்ற வழக்கில் அதன் பழைய ஈரம் இன்னும் காயவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய அந்நியரைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில், காயப்பட்டவரைச் சத்திரக்காரரிடம் ஒப்படைக்கும்போதும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதே சொல்லையே ஆளுகிறது: நீ இவனை விசாரித்துக்கொள். மூலமொழியான கிரேக்கத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். முன்னது போய்ப் பார்ப்பதையும் பின்னது பொறுப்பேற்றுப் பராமரிப்பதையும் குறிக்கும். தமிழ் இரண்டையும் ஒரே வினைக்குள் அடக்கிவிட்டதை மொழிபெயர்ப்பின் குறையாக நான் எண்ணவில்லை. போய்ப் பார்த்துவிட்டுப் பராமரிக்காமல் திரும்புவது விசாரிப்பே ஆகாது என்று அது சொல்லாமல் சொல்கிறது.

அந்தச் சமாரியன் செய்ததையும் வரிசையாகப் பார்த்தால், அனைவருக்குமான மருத்துவத்துக்குத் தேவையான பெரும்பாலானவை அங்கே இருப்பது தெரியும். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டியது முதலுதவி. தன்னுடைய விலங்கின் மேல் ஏற்றிக் கொண்டுபோனது போக்குவரத்து. சத்திரத்தில் இரவு முழுவதும் உடனிருந்தது பராமரிப்பு. மறுநாள் சத்திரக்காரரின் கையில் கொடுத்த இரண்டு வெள்ளிப்பணம் செலவுக்கு முன்பணம். அது அக்காலத்துக் கூலியாள் ஒருவரின் இரண்டு நாள் சம்பளம். அத்துடன், அதிகமாய் ஏதாகிலும் செலவழித்தால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறாரே, அது இன்னும் வராத செலவுக்கும் இப்போதே ஏற்கும் பொறுப்பு. பிரசங்கங்களில் இரக்கத்தைப் பற்றி நிறையக் கேட்கிறோம். இந்தக் கடைசி வாக்கியம், அதாவது கணக்கு வழக்கைப் பற்றிய வாக்கியம், பெரும்பாலும் வேகமாக வாசித்து விடப்படுகிறது.

ஜெபம் இருக்க மருந்து எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஜெபத்தையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்துவதற்கு வேதாகமத்தில் ஆதாரம் தேடுவது கடினம். பவுல் தம் தோழர் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே எழுதுகிறார். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் வேதாகமத்தில் இடம்பெறும் சீராக்கின் ஞான நூல், 38ஆம் அதிகாரத்தில், மருத்துவரை மதிக்கும்படியும், நோயில் இறைவனிடம் மன்றாடும்படியும், பிறகு மருத்துவருக்கும் இடம் கொடுக்கும்படியும் ஒரே மூச்சில் சொல்கிறது. மருந்துகளை நிலத்திலிருந்து தோற்றுவித்தவர் ஆண்டவரே என்பது அதன் வாதம்.

குணமாக்குதல் விற்பனைப் பொருளல்ல என்ற எச்சரிக்கையும் வேதாகமத்தில் பழமையானது. தொழுநோய் நீங்கிய நாகமான் என்ற சீரியப் படைத்தலைவர் கொடுத்த காணிக்கையை எலிசா தீர்க்கதரிசி வாங்க மறுத்தார். அவருடைய வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடி, பொய் சொல்லி வெள்ளியையும் உடைகளையும் வாங்கினான். நாகமானின் நோய் அவனைப் பிடித்தது. இயேசுவும் தம் சீடர்களை நோயாளிகளிடம் அனுப்பும்போது இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்றே சொல்லி அனுப்பினார். கிழக்கத்தியத் திருச்சபைகள் கோஸ்மாஸ், தமியான் ஆகிய மருத்துவப் புனிதர்களை வெள்ளி வாங்காதவர்கள் என்ற பட்டத்தோடு இன்றும் நினைவுகூருகின்றன.

வரலாறு

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் உலுக்கியது. அலெக்சாந்திரியாவின் ஆயராயிருந்த தியோனீசியு எழுதிய கடிதம் ஒன்று, ஓடிப்போகாமல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து தாங்களும் மாண்டுபோன கிறிஸ்தவர்களைப் பற்றிச் சொல்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற யூலியன் பேரரசர், 362ஆம் ஆண்டளவில் தம் மதகுரு ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று குறைபட்டுக்கொண்டார். எதிராளியின் வாயிலிருந்து வரும் சாட்சிக்கு எப்போதும் கொஞ்சம் எடை கூடுதல்.

அன்றைய ரோமில் படைவீரர்களுக்கும், பெரிய பண்ணைகளின் அடிமைகளுக்கும் நோயாளிக் கூடங்கள் இருந்தன. இரு கூட்டத்தாரும் உழைப்புக்குத் தேவைப்பட்டவர்கள் என்பது காரணம். உழைப்புக்கும் போருக்கும் உதவாத ஏழைக்கு ஒரு படுக்கை என்ற எண்ணம் நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவின் செசரியா நகரில் கட்டடமாக எழுந்தது. 370ஆம் ஆண்டளவில் அங்கே ஆயரான பசிலியார், கடும் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். நகருக்கு வெளியே அவர் எழுப்பிய வளாகத்தில் வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் இடமிருந்தது. நண்பரான நசியான்சு கிரகோரியார் அதைப் புதிய நகரம் என்று வர்ணித்தார். அந்தத் திட்டத்தின் மேல் ஆளுநருக்கு எழுந்த சந்தேகத்துக்குப் பதிலாகப் பசிலியார் எழுதிய கடிதத்தில், அங்கே யார் யார் தேவை என்று ஒரு பட்டியல் வருகிறது: நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், மருத்துவர்கள், பொதி சுமக்கும் விலங்குகள், வழித்துணைக்கு ஆட்கள். மருத்துவருக்கு அடுத்தபடியாகவே கழுதையும் வழித்துணையும் வருவதைக் கவனிக்க வேண்டும். குளத்தில் இறக்கிவிட ஆளில்லாதவரைப் பசிலியார் மறக்கவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் துறவியர் ஒழுங்கின் 36ஆம் அதிகாரம் நோயாளிகளின் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் முன்னே வர வேண்டும் என்றது. 1633இல் பாரிசில் வின்சென்ட் தெ பாலும் லூயிஸ் தெ மரியாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபை, மடத்துச் சுவர்களுக்குள் அடங்காமல் ஏழைகளின் வீடுகளுக்கே போய்ப் பணிவிடை செய்தது. 1746இல் லண்டனில் ஜான் வெஸ்லி ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் மையம் ஒன்றைத் திறந்தார். நோயாளிக்கு இரங்குவது கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பௌத்தத்திலும் இஸ்லாத்திலும் இதற்கு நீண்ட, மதிப்புமிக்க மரபுகள் உண்டு.

நமக்கு நெருக்கமான காலத்தில் நடந்த ஒரு திருப்பம் இன்னும் முக்கியமானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பல நாடுகளில் திருச்சபைகள் பெரிய மருத்துவமனைகளைக் கட்டியிருந்தன. உலகத் திருச்சபைகள் மன்றம் 1968இல் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் ஒன்றை அமைத்து, இந்தப் பணியை நேர்மையாகத் திரும்பிப் பார்க்கச் சொன்னது. தெரியவந்தது சங்கடமான உண்மை: பணமும் ஆளும் பெரும்பகுதி மருத்துவமனைக் கட்டடங்களுக்குள்ளேயே செலவாயின, சுற்றிலுமிருந்த கிராமங்களில் தடுக்கக்கூடிய நோய்களால் குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். அதாவது, குளத்தை நன்றாகக் கட்டியாயிற்று, மண்டபத்துக்கு வெளியே கிடந்தவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கு மாற்றாக அந்த ஆணையம் கவனித்த முயற்சிகளில் ஒன்று, மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970இல் மருத்துவத் தம்பதியர் ரஜனிகாந்த் ஆரோளேயும் மேபல் ஆரோளேயும் தொடங்கிய பணி. கிராமமே தேர்ந்தெடுத்த பெண்களுக்கு, அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர், ஆரோளே தம்பதியர் பயிற்சி அளித்தார்கள். பேறுகாலம் பார்ப்பது, குழந்தையின் எடையைக் கண்காணிப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது, குடிநீரைச் சுத்தமாக வைப்பது ஆகியவற்றை அந்தப் பெண்களே தம் ஊரில் செய்தார்கள். நேற்றுவரை தண்ணீர் எடுக்க விடாத வீட்டில் இன்று பிள்ளைப்பேறு பார்க்க அந்தப் பெண்களில் ஒருவரை அழைக்கிறார்கள் என்றால், அங்கே நோயோடு வேறொன்றும் குணமாகத் தொடங்குகிறது.

ஆணையமும் உலக சுகாதார நிறுவனமும் ஜெனீவாவில்தான் இயங்கின. 1970களில் இரண்டுக்கும் இடையே நெருக்கமான உரையாடல் நடந்தது. அப்போது அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநராயிருந்த ஹால்ஃப்டான் மாலர் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன். 1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் கசகஸ்தானின் அல்மா ஆட்டா நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பே அனைவருக்கும் நலவாழ்வு தருவதற்கான வழி என்று அறிவித்ததில், இத்தகைய கிராமப் பணிகளின் அனுபவத்துக்கும் பங்குண்டு.

இரக்கமா, உரிமையா

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். ஏழைக்கு மருத்துவம் தருவது நல்லவர்களின் தர்மமா, அல்லது ஏழைக்கு நியாயமாகச் சேர வேண்டியதா? எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் தேவன் மேய்ப்பர்களைக் கடிந்துகொள்கிறார்: நோயுற்றவற்றை நீங்கள் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்தவற்றுக்குக் காயம் கட்டவில்லை. அந்த மேய்ப்பர்கள் இஸ்ரவேலின் ஆட்சியாளர்கள். நோயாளியைக் கவனியாமல் விடுவது இங்கே தனிமனிதரின் கஞ்சத்தனமாகப் பேசப்படவில்லை, ஆளுகையின் தவறாகவே பேசப்படுகிறது. 1963இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் வெளியிட்ட சுற்றுமடல், உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றோடு மருத்துவத்தையும் மனித உரிமைகளுள் ஒன்றாக வைத்தது. அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே உலகளாவிய மனித உரிமைகள் சாற்றுரையின் 25ஆம் கூறு அதைச் சொல்லியிருந்தது.

வழிமுறையில் கிறிஸ்தவர்கள் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். அரசே வரிப்பணத்தில் நடத்த வேண்டும் என்போரும், காப்பீட்டை நம்புவோரும், திருச்சபைகளும் தன்னார்வ அமைப்புகளும் முன்னிற்க வேண்டும் என்போரும் ஒரே ஆலயத்தில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். வேதாகமம் எந்தக் காப்பீட்டுத் திட்டத்தையும் வரைந்து கொடுக்கவில்லை. என்னுடைய கருத்து, தர்மம் மட்டும் போதாது என்பதே. தருபவரின் மனம் மாறும்போது தர்மம் நின்றுவிடும், தருபவருக்குத் தெரியாத ஊர்களை அது எட்டவும் செய்யாது. ஆனால் சட்டம் வந்துவிட்டால் அயலாருக்கு வேலையில்லை என்பதும் தவறு. காப்பீட்டு அட்டை கையில் இருந்தும், படிவத்தை நிரப்பத் தெரியாமலும், அழைத்துப்போக ஆளில்லாமலும், ஒருநாள் கூலியை இழக்க முடியாமலும் வீட்டிலேயே இருந்துவிடும் முதியவருக்கு, திட்டம் என்பது ஆளில்லாத குளமாகவே இருக்கும். அவரோடு வரிசையில் நின்று, மாத்திரை எப்போது எது என்று எழுதிக்கொடுத்து, அடுத்த தேதியை நினைவில் வைத்துத் திரும்ப அழைத்துப்போவது ஒரு சபையால் எளிதாகச் செய்யக்கூடிய வேலை. அதற்கு மருத்துவமனை கட்டும் பணம் தேவையில்லை.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதைக் கிறிஸ்தவரல்லாதவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். இந்த மருத்துவத்துக்கு ஈடாக மதமாற்றம் எதிர்பார்க்கப்படுகிறதா? வரலாற்றில் அப்படிப்பட்ட எதிர்பார்ப்போடு கொடுக்கப்பட்ட மருந்துகள் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. காலனி ஆட்சியின் நிழலில் நடந்த மருத்துவப் பணிக்கு இந்தக் கறை எளிதில் ஒட்டிக்கொண்டது. படுக்கையில் கிடப்பவர் மறுத்துப் பேசும் நிலையில் இல்லாதவர் என்பதாலேயே அங்கே நிபந்தனை விதிப்பது கூடுதல் குற்றமாகிறது. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளிகள் குணமடைகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறார், அவரும் யூதர்கள் அந்நியராகக் கருதிய சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு வருத்தத்தோடு கேட்கிறார். ஆனாலும் திரும்பி வராத அந்த ஒன்பது பேருடைய நோய் திரும்பி வந்ததாக லூக்கா எங்கும் எழுதவில்லை.